ஆறு வரியில் அடங்காத பந்தயம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். 2025 அக்டோபர் 6ஆம் தேதி, திங்கட்கிழமை காலை, என் அப்பா வழக்கத்தைவிட முன்னதாகவே எழுந்து கடைக்குப் போய் உங்கள் நாளிதழை வாங்கி வந்தார். முந்தைய இரவு சிங்கப்பூர் மரினா பே சாலைகளில் நடந்த ஃபார்முலா ஒன் கார்ப் பந்தயத்தை நாங்கள் இருவரும் நேரில் பார்த்திருந்தோம். கண்ணால் பார்த்ததை எழுத்தில் மறுபடி படிக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. விளையாட்டுப் பக்கத்தில் ஆறு வரி இருந்தது. ரஸல் முதலிடம், வெர்ஸ்டாப்பன் இரண்டாமிடம், நோரிஸ் மூன்றாமிடம். அப்பா அடுத்த பக்கத்தையும் திருப்பிப் பார்த்துவிட்டு, "மீதி எங்கேம்மா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியைத்தான் உங்களிடம் கொண்டுவந்திருக்கிறேன்.

அப்பாவுக்கு 68 வயது. பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். பந்தயம் நடக்கும் சாலைகள் அவருக்கு அத்துப்படி. எங்கள் இருக்கை கன்னாட் பக்கத்துப் பார்வையாளர் மேடையில் இருந்தது. 1910இல் கட்டிய ஆண்டர்சன் பாலத்தைக் கடந்து, ஃபுல்லர்ட்டன் அருகே கொண்டை ஊசி வளைவில் திரும்பி, எஸ்பிளனேட் டிரைவ் வழியாகக் கார்கள் எங்களை நோக்கிப் பாய்ந்து வரும். எங்கள் கண்ணெதிரே பிரேக் பிடித்து வலப்பக்கம் திரும்பும். அந்தச் சந்திப்பில் அப்பா சிவப்பு விளக்குக்காகக் காத்து நின்ற நாள்களுக்குக் கணக்கே இல்லை. அன்று அவர் யார் முந்துகிறார் என்று பார்க்கவில்லை. பிரேக் பிடிக்கும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்துப் பதினைந்து சுற்றுகள் போனபின் என் கையைத் தொட்டு, "ஒரே இடத்தில் பிடிக்கிறான் பார், ஒரு முழம்கூட மாறவில்லை" என்றார். இரண்டு பக்கமும் சுவர். சறுக்கினால் ஒதுங்க மண்தரை கிடையாது. 62 சுற்றும் அப்படியே ஓட்ட வேண்டும்.

கடைசிச் சுற்றுகளில் ஹேமில்டனின் ஃபெராரியில் பிரேக் கைவிட்டது. வளைவுகளில் நிறுத்த முடியாமல் தடத்தைவிட்டு வெளியே போய்ப் போய்த் திரும்பி, எப்படியோ காரைக் கோட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். தடத்தைவிட்டுப் போனதற்கு 5 விநாடி கூட்டித் தண்டனை, ஏழாமிடம் எட்டாமிடமானது. பிரேக் இல்லாத வண்டியை ஓட்டுபவனின் வயிறு என்ன பாடுபடும் என்று அப்பாவுக்குத் தெரியும். வீடு திரும்பும் ரயிலில் வேறு எதையும் அவர் பேசவில்லை. மறுநாள் தாளில் அவர் முதலில் தேடியதும் அதைத்தான்.

வெக்கையைப் பற்றியும் ஒரு வரி இல்லை. வெப்ப அபாயம் என்று ஒரு பந்தயத்துக்கு அதிகாரபூர்வமாக அறிவித்தது ஃபார்முலா ஒன்னிலேயே அதுதான் முதல்முறை. அன்று உடலைக் குளிர்விக்கும் உள்சட்டையை ஓட்டுநர்கள் விரும்பினால் அணிய முடிந்தது. வேண்டாம் என்றவர்கள் அதற்கு ஈடான எடையைக் காரில் ஏற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. நம் ஊர்ப் புழுக்கம் உலக விதிப்புத்தகத்தில் ஏறியிருக்கிறது! குளிர்சாதனம் இல்லாத பேருந்துகளை ஓட்டிய தலைமுறை இதைப் படித்தால் எவ்வளவு ரசிக்கும்!

இங்கே கார்ப் பந்தயம் 2008இல் தொடங்கியது என்றே என் வயதினர் நினைக்கிறோம். அப்பாவின் நினைவு அதற்கு முன்னால் போகிறது. 1961 முதல் 1973 வரை அப்பர் தாம்சன் சாலையில் பந்தயம் நடந்தது. கடைசிப் பந்தயத்தின்போது அவருக்குப் பதினாறு வயது. கம்பத்து (கிராமத்து)ப் பையன்களோடு புல்மேட்டில் நின்று பார்த்தாராம். அதில் ஒரு வளைவுக்குப் பெயரே பேய் வளைவு. சாலை ஆபத்தானது என்பதால் பந்தயத்தை நிறுத்தினார்கள். அன்று புல்மேட்டில் நின்றவர்களில் தமிழர்கள் எத்தனை பேரோ! அவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுத வேண்டாமா?

2008 பந்தயத்தைத்தான் எடுத்துக்கொள்ளுங்கள். ஃபார்முலா ஒன் வரலாற்றின் முதல் இரவுப் பந்தயம் அது. அலோன்சோ வெற்றி பெறுவதற்காக, அதே ரெனோ அணியின் பிக்கே வேண்டுமென்றே சுவரில் மோதினார் என்பது மறு ஆண்டு வெளிவந்தது. இதை நான் சொல்லித்தான் அப்பா கேள்விப்பட்டார். 2012இல் நம் கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயன் இங்கே ஓட்டியதும், பாதிப் பந்தயத்தில் சுவரில் மோதி நின்றதும் அவருக்கு நினைவிருக்கிறது. 2023இல் தடத்தை மாற்றியபோது கார்த்திகேயன் மோதிய வளைவே இல்லாமல் போனது. அதுவும் எங்களுக்கு ஒரு செய்திதான்.

பந்தயத்துக்கு முந்தைய வாரத்தில் எந்தச் சாலை எப்போது மூடப்படும், எந்தப் பேருந்து எந்த வழியில் போகும் என்று நீங்கள் முறையாக வெளியிட்டீர்கள். அது தேவைதான். ஆனால் சாலையை மூடிவிட்டு உள்ளே என்ன செய்தார்கள் என்பதையும் எழுத வேண்டும். தமிழில் சொல் இல்லை என்று தயங்க வேண்டாம். அன்று மேடையில் மூன்று மணி நேரம் அப்பாவுக்கு எல்லாவற்றையும் தமிழில்தான் விளக்கினேன். டயர், பிரேக், கியர் எல்லாம் எல்லாருக்கும் தெரிந்த சொற்கள். எதிராளிக்கு முன்பே டயர் மாற்றும் இடத்துக்குள் போய்ப் புது டயர் மாட்டி, அந்தப் புது டயரின் வேகத்தில் அவரை முந்துவதை ஒரே வாக்கியத்தில் சொன்னேன். "சீக்கிரம் சாப்பிட்டுவிட்டுச் சீக்கிரம் கிளம்புவது மாதிரி" என்று அவரே முடித்துவைத்தார்.

வெளிநாட்டுச் செய்தி நிறுவனத்தின் குறிப்பைச் சுருக்கிப் போடாமல், உங்கள் நிருபர் ஒருவரை அந்த மூன்று நாளும் அங்கே அனுப்புங்கள். ஒரு முழுப் பக்கம் கொடுங்கள். அடுத்த பந்தயம் 2026 அக்டோபர் 11, ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் காலை அப்பா கடைக்கு வருவார்.

இப்படிக்கு,
வாசகி,
அங் மோ கியோ, சிங்கப்பூர்