சுங்கை சிப்புட் உறவுகளுக்கு ஒரு நன்றி

எல்லாருக்கும் வணக்கம். நுரையீரல் ஆபரேஷன் முடிந்து மகள் வீட்டுக்கு வந்துவிட்டாள். நேற்று சைக்கிளை எடுத்தவளைத் திட்டி உள்ளே கூப்பிட்டேன், திட்டுகிற அளவுக்குத் தேறிவிட்டாள்.

முதல் நன்றி தோட்டத்தில் டிரஸராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருந்து ஓய்வு பெற்ற தாத்தாவுக்கு. இரண்டு வருடத்தில் மூன்று முறை அவளுக்கு நிமோனியா. ஒரு கிளினிக்கில் மைலோ ஐஸ்தான் காரணம் என்றார்கள், நானும் நம்பி பிள்ளையை எவ்வளவு ஏசியிருப்பேன்! தாத்தாதான், "ஏம்மா, மூணு தடவையும் இடது பக்கம் அடியிலதானே? அது ஏன் ஒரே இடத்தையே தேடி வருது? பழைய எக்ஸ்ரே எல்லாத்தையும் ஒண்ணா வச்சுப் பார்க்கச் சொல்லு" என்றார்.

அதையே அரசாங்க மருத்துவமனையில் சொன்னேன். அந்த இளம் டாக்டர் முகம் சுளிக்காமல் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தார். இதயத்துக்குப் பின்னால் ஒரே வெள்ளைத் திட்டு, அவள் நன்றாக இருந்தபோது எடுத்த படத்திலும் அது மறையவில்லை. அப்புறம் ஈப்போவில் கையில் சாயமருந்து ஏற்றி சிடி ஸ்கேன். படத்தைக் காட்டியபோது எனக்கே தெரிந்தது: முதுகுத்தண்டை ஒட்டி இறங்கும் பெரிய ரத்தக்குழாயிலிருந்து ஒரு கிளை பிரிந்து நேராக அந்தத் திட்டுக்குள் போகிறது. நுரையீரலின் மற்ற பகுதிக்கெல்லாம் ஒரு வழி, இந்தத் துண்டுக்கு மட்டும் தனி வழி. மூச்சுக்குழாயோடும் சரியான தொடர்பு இல்லை, அதனால் உள்ளே சேரும் சளி வெளியேற முடியாமல் திரும்பத் திரும்பக் கிருமி பிடித்திருக்கிறது. பல்மனரி செக்வெஸ்ட்ரேஷன் என்று பேர். கருவில் நுரையீரல் உருவாகும்போதே அப்படி அமைந்துவிட்டதாம், மாசமாக இருந்தபோது நான் சாப்பிட்ட எதுவும் காரணமில்லையாம். இதை டாக்டர் சொன்னபோது மாமியாரும் பக்கத்தில் இருந்தார், அதற்குத் தனியாக ஒரு நன்றி.

கோலாலம்பூரில் ஆபரேஷன். அந்தக் கிளையை முதலில் கட்டிவிட்டுத்தான் துண்டை எடுப்போம், அது இருப்பது தெரியாமல் கை வைத்தால் ரத்தம் கொட்டும் என்றார் சர்ஜன். அதைப் படத்தில் கண்டுபிடித்து எழுதிக் கொடுத்த ஸ்கேன் டாக்டரின் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. எங்கே இருந்தாலும் நல்லா இருக்கணும்.

ராத்திரி வேன் ஓட்டிய தம்பிக்கும், ரத்தம் கொடுத்த பையன்களுக்கும், வீட்டுப்பாடம் அனுப்பிய தமிழ்ப்பள்ளி டீச்சருக்கும், சின்னவனைப் பார்த்துக்கொண்ட எதிர்வீட்டு அக்காவுக்கும் நன்றி. நீலத் தூக்குச்சட்டியில் ரசம் கொடுத்தனுப்பியது யார் என்று இன்னும் தெரியவில்லை, சட்டி என்னிடம்தான் இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.