செயலாளர் ஆண்டறிக்கை: ரோல்பிளேயிங் பிரிவுக்குப் புதிய ஆட்டமுறை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சங்கத் தோழர்களே, வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார். போர்டு கேம், சீட்டுப் பிரிவுகள் வழக்கம்போல் நடந்தன. செயற்குழு இவ்வாண்டு நீண்ட நேரம் விவாதித்தது, ரோல்பிளேயிங் பிரிவு (ஆளுக்கொரு பாத்திரமேற்று, பகடை உருட்டிக் கதையை நடத்தும் ஆட்டம்) எந்த ஆட்டமுறைக்கு மாறுவது என்பதைத்தான்.

அடுத்த கேம்பெயினின், அதாவது பல அமர்வுகளில் தொடரும் கதையின், களம் 1748ஆம் ஆண்டுப் பிரெஞ்சுப் புதுச்சேரி. கடற்படைத் தளபதி போஸ்கவன் தலைமையில் ஆங்கிலேயர் ஆகஸ்டில் நகரை முற்றுகையிட்டு, மழைக்காலம் பிறந்ததும் அக்டோபரில் விட்டுப் போனார்கள். ஆட்டக்காரர்கள் துபாஷி (மொழிபெயர்ப்பாளரும் தரகரும் ஆனவர்) வீட்டுக் கணக்கர், துணி வணிகர், படகோட்டி போன்றவர்கள். ஆங்கிலேயரின் தேவனாம்பட்டினம் கோட்டைப் பக்கமிருந்து புதுச்சேரிக்குள் கடிதம் கடத்துவது அவர்கள் வேலை. ஊர் நிலவரத்துக்கு ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு இருக்கிறது. இப்படிப்பட்டவர்கள் முழுக் கதையிலும் மூன்று நான்கு முறைதான் கத்தியை எடுப்பார்கள். எடுத்தால் அதன் விளைவு கடைசிவரை தொடர வேண்டும்.

இதுவரை ஆடிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு இதற்கு ஒத்துவராது. கதையை நடத்தும் கேம் மாஸ்டருக்கான அதன் 2014 நூல், ஒரு நாளைக்கு ஆறு முதல் எட்டு மோதல்களைத் தாங்கும்படி கணக்குப் போட்டிருக்கிறது. அதை ஒன்றாகக் குறைத்தால் மந்திரவாதி தன் மந்திரம் முழுவதையும் அந்த ஒரே சண்டையில் கொட்டிவிடுவார். சிறு ஓய்வில் பலம் திரும்பும் பாத்திரங்கள் பின்தங்கிப்போகும். எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தால் காயமும் போய்விடும். எதிரியின் பலத்தைக் கூட்டினால் சண்டை நீளுமே தவிர கனம் கூடாது. சிறு ஓய்வு 8 மணி நேரம், பெரு ஓய்வு 7 நாள் என்ற மாற்று விதி அதே நூலில் உண்டு. பாதிக் குறை அதில் தீரும். ஆனால் அந்த நூலின் மஸ்கட் துப்பாக்கி 6 விநாடிக்கு ஒருமுறை சுடும். பயிற்சி பெற்ற சிப்பாயே நிமிடத்துக்கு இரண்டு மூன்று முறைதான் சுடுவார். ஒரு குண்டு போனபின் ஓடுவதா, பாய்வதா என்ற கேள்வியே அங்கே எழாது.

தர்ட்டீன்த் ஏஜ் முறையையும் பார்த்தோம். ஏறத்தாழ நான்கு சண்டைக்கு ஒருமுறைதான் அதில் முழுக் குணம், இடையில் எத்தனை இரவு தூங்கினாலும் சரி. அருமையான ஏற்பாடு. ஆனால் பாத்திரங்கள் பெருவீரர்கள். நமக்குக் கணக்கர் வேண்டும்.

செயற்குழு தேர்ந்தது கேயாசியம் நிறுவனத்தின் பேசிக் ரோல்பிளேயிங், 2023 பதிப்பு. அது விதிகளைப் பிறரும் எடுத்தாள அனுமதிக்கும் ஓஆர்சி உரிமத்தில் வந்திருப்பதால் விதிச்சுருக்கத்தைத் தமிழில் எழுதி எல்லோருக்கும் தரலாம். சராசரி ஆளுக்கு 12 ஹிட் பாயின்ட் (உயிர்ப்புள்ளி). ஒரே அடியில் அதில் பாதி போனால் பெருங்காயம். வாள்வீச்சின் சேதம், எட்டுப்பக்கப் பகடையில் விழும் எண்ணோடு 1. ஆக, உடலில் விழும் இரண்டு வீச்சில் ஒன்று பெருங்காயம். தானாக ஆறுவது வாரத்துக்கு 1 முதல் 3 புள்ளிவரை. 6 புள்ளிக் காயம் ஆற மூன்று வாரம் என்றால், முற்றுகையின் கணிசமான பகுதி படுக்கையில் கழியும். இது தெரிந்த ஆட்டக்காரர் முதலில் பேரம் பேசுவார்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. திறன் இதில் விழுக்காட்டில் இருக்கும்; தாக்குவதிலும் தடுப்பதிலும் இரு தரப்பும் 80 விழுக்காடு திறமைசாலிகளானால், 100 வீச்சில் 16தான் தடுப்பைத் தாண்டும், சண்டை இழுக்கும். ஒரே சுற்றில் அடுத்தடுத்த தடுப்புக்கு 30 விழுக்காடு குறையும் விதியை விடாமல் பிடிக்க வேண்டும். இருவர் சேர்ந்து தாக்கினால் முடிவு சீக்கிரம் வரும். தொடக்கத் திறனை 60க்குள் வைப்பதும் நல்லது.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 1981 பேசிக் நூலின் மனோதிட விதியையும் சேர்க்கிறோம். முதல் ஆள் விழுந்ததும், பாதிப் பேர் விழுந்ததும் இரண்டு ஆறுபக்கப் பகடைகளை உருட்ட வேண்டும். கூட்டுத்தொகை எதிரியின் மனோதிட எண்ணைத் தாண்டினால் அவர்கள் ஓடுவார்கள் அல்லது சரணடைவார்கள்.

கேம் மாஸ்டர்கள் ஒவ்வொரு சண்டைக்கும் முன் ஓர் அட்டையில் மூன்று வரி எழுத வேண்டும்: எதிரிக்கு என்ன வேண்டும், எப்போது விட்டுக்கொடுப்பான், ஆட்டக்காரர் தோற்றால் உயிரைத் தவிர எது போகும். மூன்றாம் வரி எழுத வரவில்லை என்றால் அந்தச் சண்டை வேண்டாம். ஒரே உருட்டலில் தீர்த்துவிட்டுக் கதையைத் தொடரலாம்.

ஆளுக்கு இரண்டு பத்துப்பக்கப் பகடை, மேசைக்கு ஒரு தொகுதி மற்ற பகடைகள், ஆளுக்கொரு மாற்றுப் பாத்திரத்தாள் ஆகியவை தேவை. இவற்றை வாங்கவும், தமிழ் விதிச்சுருக்கத்தை அச்சிடவும் பொதுக்குழு ஒப்புதல் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்
புதுச்சேரி