அட்டையின் மூலையில் நான்கு எழுத்து

ஆசிரியருக்கு,

ஆங்கிலத்துக்குள் பிரெஞ்சுச் சொற்களைச் செருகிப் பேசுவது வெறும் எடுப்பு என்று கடந்த வாரம் வாசகர் ஒருவர் உங்கள் பத்திரிகையில் எழுதியிருந்தார். யாழ்ப்பாணத்தில் கலியாண அட்டை அச்சடிக்கிறவன் என்ற முறையில் எனக்கும் கொஞ்சம் சொல்ல இருக்கிறது.

அவர் கணக்குப்படி கோட், ஜட்ஜ், ஜூரி எல்லாமே எடுப்புத்தான். 1066இல் பிரெஞ்சு பேசிய நோர்மன்காரர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு ஆங்கிலத்தில் ஏறிய சொற்கள் அவை. வழக்கை ஆங்கிலத்தில் பேசவேண்டும் என்று அங்கே 1362இல் சட்டமே போட வேண்டியிருந்தது. ஆனால் இன்று கோட்டுக்குப் போகிறவர் யாரும் பிரெஞ்சு பேசுகிறோம் என்று நெஞ்சை நிமிர்த்துவதில்லை. நாங்களும் போர்த்துக்கேயரின் குசினியிலும் கதிரையிலும்தானே இருக்கிறோம்!

எது எடுப்பு என்பதும் ஊருக்கு ஊர் மாறும். சாப்பாட்டு மேசையில் கைவாய் துடைக்கும் துணியை இங்கே 'சேவியற்' என்ற பிரெஞ்சுச் சொல்லால் சொன்னால் நாகரிகம். இங்கிலாந்து மேட்டுக்குடிக்கு அது முகம் சுளிக்க வைக்கும் சொல். அவர்களுக்கு 'நப்கின்'தான் சரி. அலன் றோஸ் என்ற பேராசிரியர் 1954இல் இதையெல்லாம் பிரித்து எழுதியிருக்கிறார். (நப்கினின் அடியும் பிரெஞ்சுதான், அது வேறு கதை.)

எனக்கு எடுப்பாகப் படுவது வேலை செய்யாத சொல். ஆர்.எஸ்.வி.பி.யைப் பாருங்கள். 'தயவுசெய்து பதில் தாருங்கள்' என்ற பிரெஞ்சுத் தொடரின் முதலெழுத்துகள். ஆங்கில அட்டையில் அது இல்லாவிட்டால் பலருக்கு மனம் ஆறாது. சிலர் அதற்கு முன்னால் 'பிளீஸ்' வேறு போடச் சொல்வார்கள், இரட்டைத் தயவு! கீழே தொலைபேசி இலக்கம், எல்லாம் தங்க எழுத்தில். யார் எடுத்துப் பதில் சொல்கிறார்கள்? வீடு தேடி வந்து அட்டையைக் கையில் தந்து, "கட்டாயம் குடும்பமா வரவேணும்" என்று சொல்லிவிட்டுப் போனவருக்கு, "நாங்கள் ரெண்டு பேர்தான் வருவம்" என்று போன் எடுப்பது எங்கள் ஊரில் மரியாதையா? சாப்பாட்டுக் கணக்கு எப்போதும் குத்துமதிப்புத்தான்.

அண்மையில் ஒரு தகப்பன், மகளின் கலியாண அட்டைக்குப் புரூவ் பார்க்க வந்தார். அந்த நான்கு எழுத்திலும் விரலை வைத்து, "இது என்ன தம்பி?" என்றார். சொன்னேன்.

"அப்ப ஆக்கள் போன் எடுத்து வரேல்லை எண்டால் நான் என்ன சொல்லுறது?"

"சரி ஐயா, எடுத்துவிடவா?"

"வேண்டாம், வேண்டாம். மாப்பிள்ளை வீட்டுக்காரரின்ர அட்டையில இருக்கு."

இப்படிக்கு,
அச்சகக்காரர் ஒருவர்,
கொக்குவில்.