பதினைந்து நாளுக்குப் பிறகு

மதுரை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. நீ எழுதியிருந்த விஷயம் உடனே பதில் சொல்கிற மாதிரி இல்லை, அதனால்தான் தாமதம். காரைக்குடியில் உன் மருந்துக் கடைக்கு நாலு கட்டிடம் தள்ளி, மலிவு விலையில் மாத்திரை விற்கும் அரசின் முதல்வர் மருந்தகம் திறந்தபிறகு சர்க்கரை, பிரஷர் மாத்திரை வியாபாரம் பாதியாகிவிட்டது என்றும், அரசாங்கமே நம்மைப் போன்றவர்கள் வயிற்றில் அடிக்கிறது என்றும் எழுதியிருந்தாய். உன் கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் நான் ஸ்டென்ட், அதாவது அடைத்த இதய ரத்தக் குழாயைத் திறந்துவைக்கிற சின்ன வலைக்குழாய், விற்ற ஆள். 2017-இல் அதன் விலையை அரசாங்கம் இறக்கியதைக் கண்ணால் பார்த்தவன். அதை உன்னிடம் நான் முழுதாகச் சொன்னதே இல்லை.

என் தங்கை வீட்டுக்காரருக்கு 2014-இல் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்தது உனக்கு நினைவிருக்கும். மருந்து பூசிய ஸ்டென்ட் ஒன்றுக்கு மட்டும் பில்லில் 1,20,000 ரூபாய் போட்டிருந்தார்கள். தங்கை இரண்டு சங்கிலியையும் அடகு வைத்தாள். அந்த ஸ்டென்ட் ஆஸ்பத்திரிக்குள் என்ன விலைக்குப் போகிறது என்று எனக்குத் தெரியும். பில் தொகையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. தெரிந்தும் தங்கையிடம் நான் வாய் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம். அவள் சங்கிலியில் ஒன்றுதான் திரும்ப வந்தது. இன்றைக்கும் அவள் கழுத்தைப் பார்த்தால் எனக்கு அந்த பில்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

அப்புறம் டெல்லியில் ஒரு வழக்கறிஞர் ஸ்டென்ட் விலையைக் கட்டுப்படுத்தச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். 2016 ஜூலையில் ஸ்டென்டை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தார்கள். 2017 பிப்ரவரி 13-ஆம் தேதி மருந்து விலை ஆணையத்தின் உத்தரவு வந்தது. சராசரியாக 1,21,000 ரூபாய்க்கு மேல் எம்.ஆர்.பி. இருந்த மருந்து பூசிய ஸ்டென்டுக்கு உச்ச விலை 29,600 ரூபாய். சாதா ஸ்டென்டுக்கு 7,260. மறுநாள் காலையிலிருந்து நாங்கள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கி, விற்றபின் பணம் என்று அங்கே வைத்திருந்த எங்கள் சரக்கை எல்லாம் எண்ணிப் புது விலை போட்டோம். தொழிலே முடிந்துவிட்டது என்று எல்லாரும் பேசினார்கள். நானும் பேசினேன். சில வெளிநாட்டுக் கம்பெனிகள் தங்கள் உயர் ரகத்தைத் திரும்பப் பெறுகிறோம் என்று மனுப் போட்டன. அரசு உடனே விடவில்லை. குஜராத்தின் சூரத், வாபியில் தயாராகும் ஸ்டென்டைக் கையில்கூட வாங்கிப் பார்க்காத டாக்டர்கள் அதன்பின் பெயர் சொல்லிக் கேட்டார்கள். அதே வருஷம் ஆகஸ்டில் செயற்கை முழங்கால் மூட்டுக்கும் உச்ச விலை வந்தது. 1,58,000 ரூபாய்க்கு மேல் விற்றது 54,720-க்கு இறங்கியது. தொழில் அழியவில்லை மாப்ள. எங்கள் இன்சென்டிவ்தான் போயிற்று.

ஆனால் முழு பில்லும் இறங்கிவிட்டதா என்று கேட்டால், இல்லை. நான் போய்வந்த ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்டென்டுக்கான தொகை இறங்கிய இரண்டே மாதத்தில் அதை வைக்கப் பயன்படுத்தும் பலூன், கதீட்டர் குழாய், அதை வைக்கிற கேத் லேப் அறை, இவற்றின் கட்டணம் எல்லாம் ஏறி, கடைசித் தொகை பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே வந்து நின்றது. 2018-இல் அதே ஆணையம் டெல்லிப் பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரிகள் நான்கின் பில்களை ஆராய்ந்தது. சில பொருள்களில் லாபம் 1,737 சதவீதம் வரை இருந்தது. பில்லில் ஒரு வரியை அழுத்தினால் பக்கத்து வரி வீங்குகிறது.

அதனால்தான் அரசின் மருத்துவக் காப்பீட்டு அட்டையை நான் பெரிதாக நினைக்கிறேன். அங்கே பலூனுக்குத் தனி, கட்டிலுக்குத் தனி என்று கிடையாது, மொத்த சிகிச்சைக்கும் ஒரே பேக்கேஜ் விலை. நம் ஊரில் 2009-இலேயே கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்துவிட்டது. 2012-இல் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமானது. 2018 செப்டம்பரில் ராஞ்சியில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீடு தொடங்கியபோது, குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் என்று அதோடு நம்முடையதையும் இணைத்தார்கள். பேக்கேஜ் தொகை கட்டுப்படியாகவில்லை, பணம் வர மாதக்கணக்காகிறது என்று இருபது படுக்கை, முப்பது படுக்கை வைத்திருக்கிற டாக்டர்கள் புலம்புகிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சின்ன ஆஸ்பத்திரிகள் மூடினால் அந்த இடத்தைப் பெரிய கம்பெனிகள்தான் பிடிக்கும். அந்தப் பணத்தை நேரத்துக்குக் கொடுத்தே ஆக வேண்டும்.

ஆனால் என்னைத் தூங்கவிடாத விஷயம் வேறு. எங்கள் தெருவில் ஆட்டோ ஓட்டுகிற ஒருவர், ஐம்பது வயது இருக்கும். மார்ச்சில் நெஞ்சுவலி வந்து, அட்டையைக் காட்டி ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டார். கையிலிருந்து ஒரு ரூபாய் செலவில்லை. தெருவே சந்தோஷப்பட்டது. ஜூனில் டீக்கடையில் பார்த்தபோது மாத்திரையெல்லாம் ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று சும்மா கேட்டேன். வீட்டுக்கு அனுப்பும்போது பதினைந்து நாளுக்குக் கொடுத்தார்கள், பிறகு இரண்டு மாதம் வாங்கினேன், இந்த மாதம் ஸ்கூல் பீஸ் கட்டியதால் விட்டுவிட்டேன், உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்றார். எனக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, ரத்தம் உறையாமல் காக்கிற ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் பாதியில் நின்றால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்துவிடலாம். அன்றைக்கே மாத்திரை வாங்கிக் கொடுத்து, மறுநாள் காலையில் அரசு பெரியாஸ்பத்திரியில் இதய வெளிநோயாளி (ஓ.பி.) பிரிவுக்குக் கூட்டிப் போனேன். இப்போது மாதாமாதம் அங்கே இலவசமாக வாங்குகிறார். இப்படி ஒரு வழி இருப்பதையே அவருக்கு யாரும் சொல்லவில்லை.

ஆயுஷ்மான் பாரத் விதியிலேயே அப்படித்தான்: ஆஸ்பத்திரியில் சேருவதற்கு முன் 3 நாள், வீட்டுக்கு வந்தபின் 15 நாள் செலவு மட்டும்தான். ஓ.பி. செலவு கிடையாது. லட்ச ரூபாய் வேலையை அரசாங்கம் செய்து கொடுக்கிறது. அதைக் காப்பாற்றுகிற மாத்திரைக்கு நோயாளி தன் பையைத் தடவ வேண்டியிருக்கிறது.

இப்போது உன் கடையைப் பற்றிச் சொல்கிறேன். 1995-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தக் கொள்முதல் ஆரம்பித்ததால்தான் நம் அரசு ஆஸ்பத்திரிகளில் மாத்திரை இருக்கிறது. கேரளாவும் ராஜஸ்தானும் அதைப் பார்த்துத்தான் தங்களுக்கும் அமைத்துக்கொண்டன. 2025 பிப்ரவரியில் ஆயிரம் முதல்வர் மருந்தகங்கள் வந்தன. மத்திய அரசின் மலிவு விலை மக்கள் மருந்தகங்கள் நாடு முழுக்கப் பதினைந்தாயிரத்தைத் தாண்டிவிட்டன. இதெல்லாம் நிற்காது, நிற்கவும் கூடாது. மலிவு மாத்திரை எட்டுகிற தூரத்தில் இருந்தால்தான் அந்த ஆட்டோக்காரரைப் போன்றவர்கள் பிழைப்பார்கள். உன் எதிரில் நின்று இதைச் சொல்லத் தைரியம் வந்திருக்காது, கடிதம் என்பதால் சொல்லிவிட்டேன். கோபப்படாதே.

உன் மகள் மருந்தாளுநர் படிப்பு, டி.பார்ம், முடித்திருக்கிறாளே, அவள் பெயரில் முதல்வர் மருந்தகத்துக்கு விண்ணப்பித்துப் பார்க்கலாமா? தொழில்முனைவோருக்கு 3 லட்சம் வரை அரசு உதவி அறிவித்திருந்தார்கள். காரைக்குடியில் ஏற்கெனவே இருக்கிறது, சரி. பக்கத்துக் கிராமங்களில் தேவை இருக்கும். கூட்டுறவு அலுவலகத்தில் ஒருமுறை விசாரித்து வை.

இங்கே வீட்டில் எல்லாரும் நலம். எனக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது, நடக்கிறேன். பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை தங்கையைப் பார்க்கத் தேவகோட்டைக்கு வருகிறேன். அந்த பில் விஷயத்தை இந்தத் தடவை அவளிடம் சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன். தனியாகப் போக மனசு வரவில்லை. அன்றைக்குக் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு நீயும் கூட வா.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்