பொருள்: மூடியிருந்த கூடத்துக்குச் சீட்டு விற்றதும் 'பாதுகாப்பு' என்ற ஒரே பதிலும்

பெறுநர்:
மேலாளர், பார்வையாளர் சேவைப் பிரிவு

ஐயா / அம்மையீர்,

நுழைவுச்சீட்டு, ஒலி வழிகாட்டி, தகவல் மையம் ஆகியவற்றைத் தங்கள் நிறுவனம் நடத்தும் கலை அருங்காட்சியகத்துக்குக் கடந்த ஞாயிற்றுக்கிழமை என் அம்மாவுடன் வந்திருந்தேன். அம்மா சக்கர நாற்காலியில் வருபவர். நாங்கள் வந்ததே நீர்வண்ணச் சிற்றோவியங்களைப் பார்க்கத்தான். சீட்டு வாங்கிய இணையப் பக்கத்தில் அந்தக் கூடத்தின் படத்தைத்தான் பெரிதாகப் போட்டிருந்தீர்கள். உள்ளே போனால் கூடம் பூட்டிக் கிடக்கிறது. கதவில் ஒரு தாள்: 'பாதுகாப்புக் காரணங்களுக்காக மூடப்பட்டுள்ளது'. எதுவரை என்று தேதிகூட இல்லை.

அந்தப் 'பாதுகாப்பு' ஓவியங்களை ஒளியிலிருந்து காப்பதற்கு என்றால், அவற்றுக்கு ஓய்வு கொடுப்பதில் எனக்கு மறுப்பே கிடையாது. தாளில் தீட்டிய நிறம் ஒளியில் ஒருமுறை மங்கினால் மங்கியதுதான். ஒளி குறைவாக இருந்தாலும் நேரம் ஆக ஆகச் சேதம் சேர்ந்துகொண்டே போகும். அதனால்தான் சில மாதம் காட்சிக்கு வைத்துவிட்டு, அப்புறம் இருட்டில் வைக்கிறார்கள். ஆனால் சுழற்சி என்றால் அதற்கு ஓர் அட்டவணை இருக்குமே! அது கையில் இருக்கும்போது, சீட்டு விற்கும் பக்கத்தில் ஒரு வரி போட என்ன தடை? திடீர்ப் பழுது என்றால் அதையாவது வாசலிலேயே சொல்லியிருக்கலாம். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, 'மத்த கூடமெல்லாம் திறந்துதானே இருக்கு' என்றார் தகவல் மையத்தில் இருந்தவர்.

சரி, மற்ற கூடங்களுக்கே வருகிறேன். துணி ஓவியங்கள் இருக்கும் அறையில் வெளிச்சம் மிகக் குறைவு. அது முறைதான், தாள், துணி போன்றவற்றுக்கு வெளிச்சத்தை 50 லக்ஸ் (ஒளியை அளக்கும் அலகு) அளவில் நிறுத்துவது உலகெங்கும் உள்ள வழக்கம். எண்ணெய் ஓவியங்களுக்கு 200 லக்ஸ் வரை விடுவார்கள். என் புகார் விளக்க அட்டைகளைப் பற்றியது. சாம்பல் நிறத் தாளில் பொடி எழுத்து, அதுவும் முழங்கால் உயரத்தில். குனிந்து பார்த்த எனக்கே தெரியவில்லை, அம்மாவுக்கு எப்படித் தெரியும்? காவலரிடம் கேட்டால் இங்கேயும் 'பாதுகாப்பு' என்கிறார். ஓவியம் மங்கினால் போச்சு, ஒப்புக்கொள்கிறேன். அட்டை மங்கினால் வேறொன்று அச்சடிக்க வேண்டியதுதானே? பெரிய எழுத்தில், கறுப்பு வெள்ளையில், கண் உயரத்தில் வைத்தால் எந்த ஓவியத்துக்கும் ஒன்றும் ஆகாது.

மாடிக்குப் போக மின்தூக்கி இல்லை. 'பழைய கட்டடம், கை வைக்கக் கூடாது' என்றார்கள். 12ஆம் நூற்றாண்டில் கோட்டையாகத் தொடங்கிய, பாரிஸின் லூவர் அருங்காட்சியக வளாகத்தில், 1989இல் திறந்த கண்ணாடிப் பிரமிடுக்குள் சுழல் படிக்கட்டின் நடுவிலேயே மின்தூக்கி வைத்திருக்கிறார்கள். அந்த அளவுக்கு நான் கேட்கவில்லை. மாடியில் உள்ளவற்றைக் கீழேயே பார்க்க ஒரு திரையும் நல்ல தரத்தில் படங்களும் வைத்தால்கூடப் போதும். அம்மா கீழே தனியாக உட்கார்ந்திருக்க, நான் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

சிற்பக் கூடத்தில் பென்சிலால் வரையத் தொடங்கினேன். அதற்கும் தடை. மை பேனாவைத் தடுத்தால் புரிகிறது, மை சிந்தினால் கறை. கற்சிலையைப் பென்சில் என்ன செய்யும்? ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் 2015இல், படம் எடுப்பதை விட்டுவிட்டு வரையுங்கள் என்று வருபவர்களைத் தானாகவே அழைத்தது. இங்கே நோட்டை மூடச் சொல்கிறார்கள். பக்கத்திலேயே ஒருவர் ஃபிளாஷ் போட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தார், அவரை யாரும் கேட்கவில்லை.

ஒலி வழிகாட்டியின் எண்களும் அறைகளின் எண்களும் பொருந்தவே இல்லை. அதைத் தனியாகப் பேச வேண்டியதில்லை. வாடகையைத் திருப்பினால் போதும்.

அருங்காட்சியகங்களின் உலக அமைப்பான ஐகாம் 2022இல் ஏற்ற வரையறை, அருங்காட்சியகம் எல்லோரும் அணுகக்கூடியதாகவும் யாரையும் விலக்காததாகவும் இருக்க வேண்டும் என்கிறது. பொருட்களைக் காப்பதும் அதே வரையறையில்தான் இருக்கிறது. ஒன்றைக் காட்டி மற்றதை மறுக்க முடியாது.

எங்கள் இருவரின் சீட்டுப் பணத்தையும் ஒலி வழிகாட்டி வாடகையையும் திருப்பித் தாருங்கள். எந்தக் கூடம் எப்போது மூடியிருக்கும் என்பதைச் சீட்டு விற்கும் பக்கத்தில் போடுங்கள். பென்சிலுக்குத் தடை விதித்தது அருங்காட்சியகமா, தங்கள் ஊழியர்களா என்றும் எனக்குத் தெரிய வேண்டும். சீட்டின் நகலையும் மூடிய கதவில் இருந்த தாளின் படத்தையும் இணைத்துள்ளேன். தொலைபேசியில் அழைக்க வேண்டாம், பதில் எழுத்தில் வரட்டும்.

இப்படிக்கு,
பணம் கட்டி வந்த பார்வையாளர்