இரவுப் பணி உதவியாளர் அக்காவுக்கு நன்றி

பக்கவாத நோயாளியின் கையைப் பிடித்து இழுக்காமல் புரட்டிவிடும் அக்காவுக்கு, பிசியோதெரபி பிரிவிலிருந்து மனமார்ந்த நன்றி.

செயலிழந்த பக்கத்தில் தோள்மூட்டைத் தாங்கும் தசைகள் தளர்ந்திருக்கும். கையின் எடையே மூட்டைக் கீழே இறக்கிவிடும். அப்போது அக்குளில் கைகொடுத்துத் தூக்கினால் தோள் இன்னும் நழுவும், மாதக்கணக்கில் வலிக்கும். வலிக்கிற கையை யாரும் அசைக்க மாட்டார்கள். பயிற்சி அத்தோடு நின்றுபோகும். நீங்களோ தோள்பட்டை எலும்புக்குப் பின்னால் ஒரு உள்ளங்கை, இடுப்பில் இன்னொன்று வைத்து, 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுகிறீர்கள். செயலிழந்த பக்கமாகப் படுக்கவைத்தால் அந்தத் தோளை மெல்ல முன்னால் நகர்த்திவிடுகிறீர்கள், உடல் எடை அதன்மேல் நேராக விழாதபடி. மல்லாந்து படுத்தால் தோள்பட்டையிலிருந்து விரல்வரை தலையணை. இதை எத்தனையோ வீட்டாருக்குச் சொல்லிச் சொல்லி அலுத்திருக்கிறோம். உங்களுக்கு ஒருமுறை காட்டியது போதுமானதாக இருந்தது.

கஞ்சி ஊட்டுவதும் அப்படியே: நிமிர்ந்து உட்காரவைத்து, அரை ஸ்பூன், செயலிழந்த பக்கக் கன்னத்தில் மிச்சம் ஒதுங்கியிருக்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்த வாய். முடிந்ததும் 30 நிமிடம் படுக்கவிடுவதில்லை. புரையேறி நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும்.

காலையில் வலியில்லாத தோளோடு நோயாளிகள் எங்களிடம் வருகிறார்கள். பெயர் போட வேண்டாம் என்றீர்கள், போடவில்லை அக்கா.