தண்ணீரில் போடும் முன் முத்திரையைப் படியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தபால்தலை சேர்க்கும் 6 முதல் 9ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கான அஞ்சல் துறையின் ‘தீன் தயாள் ஸ்பர்ஷ்’ உதவித்தொகைத் தேர்வில் வரலாறும் புவியியலும் கேட்கிறார்கள். ஸ்டாம்ப் சேர்ப்பதற்கு அதெல்லாம் எதற்கு என்று சில பெற்றோர் அலுத்துக்கொள்கிறார்கள். அது இல்லாமல் பழைய தபால்தலையை அடையாளம் காணவே முடியாது.

தபால்தலையில் ‘ஹெல்வெட்டியா’ என்றால் சுவிட்சர்லாந்து, ‘சுவோமி’ என்றால் பின்லாந்து என்பதை ஒரு மாலையில் படித்துவிடலாம். தபால்தலை ஒரு நாட்டுடையதாகவும் அதன்மேல் அஞ்சலகம் முத்திரை குத்திய ஊர் வேறு கரையிலும் இருக்கும்போதுதான் சிக்கல். விக்டோரியா ராணியின் உருவம் போட்ட இந்தியத் தபால்தலையில் ‘பி 172’ என்ற முத்திரை தெரிந்தால் அது சிங்கப்பூரில் விழுந்தது. 147 பினாங்கு, 109 மலாக்கா. அந்த ஊர்கள் அப்போது இந்திய அரசின் கீழ் இருந்தன. 1867 ஏப்ரல் 1இல் லண்டனின் நேரடி ஆட்சிக்குப் போயின. செப்டம்பரில் அதே இந்தியத் தபால்தலைகள்மேல் கிரீடமும் சென்ட் மதிப்பும் ஏறின. இதை அறியாதவர் அந்த முத்திரையை ‘கறை’ என்று ஒதுக்கிவிடுவார்.

பணத்தின் பெயரும் ஊரைக் காட்டும். புதுச்சேரி, காரைக்காலில் ஓடிய பிரெஞ்சிந்தியத் தபால்தலைகளில் 1923 முதல் ‘ஃபனோன்’, ‘காஷ்’ என்று இருக்கும். வேறொன்றுமில்லை, நம் பணமும் காசும்தான்: 24 காசு 1 பணம், 8 பணம் 1 ரூபாய். திருவிதாங்கூரின் சங்குத் தபால்தலையில் கணக்கு வேறு: 16 காசு 1 சக்கரம், 28 சக்கரம் 1 ரூபாய். நாகர்கோவில் வீட்டுப் பழங்கடிதக் கட்டில் சங்கு வந்தால் வியக்க வேண்டாம். 1956 வரை குமரி மாவட்டம் தமிழகத்தில் இல்லை.

போலியைப் பிடிக்கவும் தேதிதான் துணை. இந்தியாவிலிருந்து பர்மா பிரிந்தது 1937 ஏப்ரல் 1இல். இந்தியத் தபால்தலையில் ‘பர்மா’ ஓவர்பிரிண்ட் (ஏற்கெனவே அச்சான தபால்தலைமேல் மறுபடி அச்சிடும் எழுத்து) வந்தது அன்றிலிருந்துதான். ஆகவே 1935 ரங்கூன் முத்திரை வெறும் இந்தியத் தபால்தலையில் இருந்தால் முறையானது. ஓவர்பிரிண்ட் உள்ளதில் இருந்தால், பயன்படுத்திய தபால்தலைமேல் பின்னால் யாரோ அச்சடித்தது. 10 மடங்கு லென்ஸில் பாருங்கள்: முத்திரை மைக்கு மேலே ‘பர்மா’ எழுத்து படிந்திருக்கும்.

பிள்ளைகள் செய்யும் பெரிய தவறு, பழைய உறையைக் கண்டதும் தபால்தலையை வெட்டி, தாளிலிருந்து பிரிக்கத் தண்ணீரில் போடுவது. முத்திரையில் ஊர்ப்பெயர் பாதி தபால்தலையிலும் பாதி உறையிலும் விழுந்திருக்கும். வெட்டினால் ஊரும் தேதியும் போயின. இந்தக் காலத்துச் சாதாரணத் தபால்தலைகளை மட்டும் சுற்றி 1 செ.மீ. விட்டு வெட்டி, வெதுவெதுப்பான நீரில் 15 நிமிடம் ஊறவிடலாம். அதுவும் வண்ண உறையென்றால் தனிக் கிண்ணத்தில். உறையின் சாயம் இறங்கி மற்றவற்றையும் கெடுத்துவிடும். அரை நூற்றாண்டுக்கு முந்தைய உறைகளை முழுசாகவே வையுங்கள்.

தங்கள் மாணவர் பக்கத்தில் 1937, 1947, 1956 எல்லைகளைக் காட்டும் மூன்று வரைபடங்களை வெளியிட்டால், பிள்ளைகள் ஆல்பத்தின் முதல் பக்கத்தில் ஒட்டிக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
தபால்தலைச் சேகரிப்பாளர்,
நாகர்கோவில்